பதினேழு ஒன்று

நியாயத்தை நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. பொண்டாட்டி புருஷன்கிட்ட என்னென்னத்தை மறைப்பா? நகைச்சீட்டு போட்டிருந்தா மறைப்பா. தங்கச்சிக்குச் சேலை எடுத்துக் குடுத்திருந்தா மறைப்பா. டாக்டர் வேண்டாம்னு சொன்ன பிறகும் டப்பாவுக்குப் பின்னால லட்டை ஒளிச்சு வச்சுத் திம்பா, அதை மறைப்பா. அதெல்லாம் உலக நடப்பு, நான் கேக்கவே மாட்டேன். எம் பொண்டாட்டி ஒரு எண்ணை மறைச்சா. ஏழு இலக்க எண். அஞ்சு மாசம் மறைச்சா.

போன் நம்பரா? போன் நம்பருக்குப் பத்து இலக்கம்லா. இது வேற. இந்த பஸ்ல நீங்க எங்க இறங்குதிய? பாபநாசமா? ரொம்ப நல்லது. நான் கல்லிடைக்குறிச்சி. அதுவரைக்கும் நேரம் இருக்கு, கேட்டுட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்க.

நான் கணக்கு வாத்தியார். பேரு கோமதிநாயகம். முப்பத்தாறு வருஷ சர்வீஸ், ரிட்டயராகி அஞ்சு வருஷமாகுது. திருநெல்வேலியில எங்களுக்குன்னு ஒரு மன்றம் இருக்கு, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் மன்றம். வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கூடுவோம். வடை, காப்பி, யாருக்கு எத்தனை மாத்திரைங்கிற பேச்சு, அப்புறம் ஒரு கணக்கு. யாராவது ஒருத்தர் போர்டுல எழுதுவாரு. ஒரு வருஷம் டயம். போட்டுட்டு வாரவருக்கு அடுத்த தையில பொன்னாடை. ரெண்டே விதிதான். கம்ப்யூட்டர், கால்குலேட்டர் எதையும் தொடக்கூடாது, கைக்கணக்கு. ரெண்டாவது, ஸ்டெப் காட்டணும். வெறும் விடையைக் கொண்டாந்தா மார்க் கிடையாது. அப்படிச் சொல்லித்தானே இத்தனை வருஷம் பிள்ளைகளை அடிச்சோம்.

போன வருஷம் கணக்கு குடுத்தது மாசிலாமணி. பாளையங்கோட்டைக்காரரு. கணக்குங்கிறது தனக்குத்தான் தெரியும், நாமெல்லாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறவங்கன்னு ஒரு நினைப்பு. எழுந்திரிச்சுப் போனாரு, சாக்பீஸை எடுத்தாரு, ஒன்னு போட்டாரு. பக்கத்துல இன்னொரு ஒன்னு. இன்னொன்னு. கடைசியில எண்ணிப் பாத்தா பதினேழு ஒன்னு. வாயால சொல்லணும்னா நூத்துப் பதினோரு கோடி கோடிக்கு மேல. இது பகா எண்ணுதான், எவராலும் உடைக்க முடியாதுன்னு சொல்லிட்டுக் கையைத் தட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு.

பகா எண்ணுன்னா ஞாபகம் இருக்கா? ஒன்னாலயும் அதே எண்ணாலயும் தவிர வேற எதாலயும் மிச்சமில்லாம வகுபடாது. ஏழு, பதிமூணு மாதிரி. இப்ப வெறும் ஒன்னா அடுக்குங்க. ரெண்டு ஒன்னு, பதினொன்னு, அது பகா எண். மூணு ஒன்னு, நூத்துப் பதினொன்னு, அது மூணு முப்பத்தேழு, உடைஞ்சு போச்சு. நாலு ஒன்னு, பதினொன்னையும் நூத்தி ஒன்னையும் பெருக்கினா வந்துரும். அஞ்சு ஒன்னு, நாப்பத்தொன்னும் இருநூத்தி எழுபத்தொன்னும். இப்படி ஒவ்வொன்னுக்கும் உள்ளுக்குள்ள ரெண்டு பேராவது ஒளிஞ்சிருப்பாங்க. பதினேழுக்குள்ள யாரு இருக்கா? இல்ல, யாருமே இல்லையா? இதுதான் கேள்வி.

எனக்கு என்ன வந்துச்சோ தெரியல அண்ணாச்சி, எழுந்திரிச்சு, நான் உடைச்சுக் காட்டுதேன், இல்லாட்டி அடுத்த வருஷத்துல இருந்து இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். வடையை வாயில வச்சிருந்தவங்க எல்லாரும் அப்படியே பாத்தாங்க. எனக்கு வெளியில போக்கிடம் ரெண்டுதான், ஒன்னு லைப்ரரி, ஒன்னு அந்த மன்றம். அதுல ஒன்னைப் பணயம் வச்சுட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். அவ பேரு ஆவுடையம்மாள். ஒரே பையன் கைலாசம், புனேயில கம்ப்யூட்டர் வேலை. அவன்கிட்ட போன்ல சொன்னேன். அப்பா, ஒரு நொடியில சொல்லிருவேம்பான்னான். வைலே போனைன்னு நானே வச்சுட்டேன். விதின்னா விதி.

முதல்ல மூளையைப் போட்டு ஒரு வழி கண்டுபிடிச்சேன். இதை நான்தான் கண்டுபிடிச்சேன், இதுல எவருக்கும் பங்கில்ல. இந்தப் பதினேழு ஒன்னை ஒரு பகா எண் வகுக்கும்னா, அந்த எண்ணுல ஒன்னைக் கழிச்சா முப்பத்து நாலோட மடங்காத்தான் இருக்கும். ஏன்னு கேட்டியன்னா சேரன்மாதேவி வரைக்கும் சொல்லணும், விட்டுருங்க. ஆக, நூத்தி மூணு, நூத்தி முப்பத்தேழு, இருநூத்தி முப்பத்தொன்பது, இப்படி அங்கங்க சில எண்ணுகளை மட்டும் போட்டுப் பாத்தாப் போதும். எதுவரைக்கும் பாக்கணும்? பத்துக் கோடியே ஐம்பத்து நாலு லட்சம் வரைக்கும். அதுக்குள்ள கிடைக்கலைன்னா மாசிலாமணி ஜெயிச்சாரு.

ஒத்தையாளா முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆவுடையைக் கூப்பிட்டேன். அவ எஸ்.எஸ்.எல்.சி. பெயிலு. கணக்குல இல்ல, இங்கிலீஷ்ல. கணக்குல என்ன மார்க்குன்னு நான் கேட்டதில்ல. வகுக்கத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னா. வேலையைப் பிரிச்சேன். நான் மேல இருந்து, பத்துக் கோடியில இருந்து இறங்கி வாரேன், நீ கீழ இருந்து ஏறி வான்னேன். இவ்வளவு பெரிய எண்ணுக்குள்ள காரணியும் பெரிசாத்தானே இருக்கும், சின்ன எண்ணுல என்ன கிடக்கப் போகுது, அவளுக்குச் சுலபமா இருக்கட்டும்னுதான். கஷ்டமானதை நான் எடுத்துக்கிட்டேன். இதையும் மனசுல வச்சுக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க.

பேட்டை தாண்டிட்டா? சரி.

தினமும் மத்தியானம் சாப்பாட்டு மேசையிலே எதிரும் புதிருமா உக்காருவோம். எதிரும் புதிருமான்னா, முதல் வாரம் அப்படி. அப்புறம் ஃபேன் காத்து எனக்கு வரலைன்னு அவ பக்கத்துலயே நாற்காலியைப் போட்டுக்கிட்டேன். அவ சிலேட்டுல போட்டுப் பாத்து அழிச்சிருவா. மிச்சம் என்னங்கிறதை மட்டும் டைரியில எழுதுவா. ஜவுளிக்கடையில புதுவருஷத்துக்குக் குடுத்த டைரி, நாளுக்கு ஒரு பக்கம், தேதி அச்சடிச்சது. ஒரு பக்கத்துல நாலு வரிசை கட்டி நூறு எண்ணு, நூத்திப்பத்து எண்ணு. நான் ஒரு நாளைக்கு அஞ்சோ ஆறோ போடுவேன். என் எண்ணெல்லாம் ஒன்பது இலக்கம் அண்ணாச்சி. நடுவுல கண்ணும் அசந்துரும்.

வகுக்கிறவ சும்மா வகுக்கமாட்டா. பேசுவா. முதல் நாளே நூத்தி முப்பத்தேழைப் போட்டுட்டுச் சிரிச்சா. ஏளா, என்னன்னு கேட்டேன். எட்டாவது ஒன்னு வரைக்கும் வந்து மிச்சமில்ல, பதினாறாவதுலயும் மிச்சமில்ல, கடைசி ஒன்னை மட்டும் தனியா நிப்பாட்டிட்டுப் போயிருச்சு, இது எங்க பெரியத்தான்தான்னா. அந்த மனுஷன் எல்லா விசேஷத்துக்கும் முந்தின நாளே வந்து பந்தலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, பந்தி போடும்போது ஆளைக் காணாது. நான் வகுத்துப் பாத்தேன், அவ சொன்னது சரி. உவமைக்கு நான் பத்துக்கு எட்டு போடுவேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அவ சொந்தத்துல ஒரு ஆள் இருந்தாரு. அவ பொறந்த வீட்டுல எத்தனை பேருன்னே எனக்கு அப்பத்தான் தெரியும்.

அவ அப்பா நெல்லு மண்டியில கணக்கெழுதினவருன்னு தெரியும். அவருக்குக் கண் மங்கின பிறகு இவதான் ஏழாங்கிளாஸ் படிக்கையிலேயே பேரேட்டைக் கூட்டிக் குடுத்தாளாம். அதைச் சொல்லும்போது நான் ஒரு எண்ணுல பாதியில இருந்தேன். அப்படியான்னு கேட்டேன். அப்படித்தான்னா. முப்பத்தெட்டு வருஷமா சொல்லலையே ஏளான்னேன். நீங்க கேக்கலையேன்னா. நான் கணக்கைப் பாத்தேன்.

இப்படி மாசி, பங்குனி, சித்திரைன்னு போச்சு. லைப்ரரிக்குப் போறதை விட்டேன். எங்கூட அங்க பேப்பர் படிக்கிறவங்க எனக்கு உடம்பு சரியில்லையோன்னு வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போனாங்க. ஆடி வந்துச்சு. ஆவணி வந்துச்சு. ஆவணியில ஒரு நாள், விசேஷம் ஒன்னுமில்ல, பாயசம் வச்சா. என்னத்துக்குன்னு கேட்டேன். சேமியா மிச்சமிருந்துச்சுன்னா. நல்ல பாயசம், முந்திரி எல்லாம் போட்டு. குடிச்சுட்டு ரெண்டு பேரும் வகுக்க உக்காந்தோம்.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அவ டைரி முழுக்க நிறைஞ்சுபோச்சு, நான் மொத்தமா ஆயிரத்துத் தொள்ளாயிரம் எண்ணு தாண்டியிருந்தேன். ஒன்னுமில்ல. எல்லாத்துலயும் மிச்சம். தை பிறந்துச்சு. கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில, தோத்துட்டேன், இனி வரமாட்டேன்னு மாசிலாமணிக்கு ஒரு கடிதம் எழுத உக்காந்தேன். கணக்கு வாத்தியார் கணக்குல தோக்குறது எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. கண்ணுல தண்ணி வந்துட்டு. ஆவுடை அதைப் பாத்தா. உள்ள போனா. கொஞ்ச நேரத்துல சிலேட்டைக் கொண்டாந்து கடிதத்து மேல வச்சா.

இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்தி இருபத்து மூணு. அதால பதினேழு ஒன்னையும் வகுத்திருக்கா. கடைசி ஒன்னை இறக்கினதும் மிச்சம் சைபர். ஈவு ஐந்நூத்தி முப்பத்தாறு கோடியே முப்பத்திரண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து முந்நூத்தி ஐம்பத்தேழு. திருப்பிப் பெருக்கிப் பாத்தேன். வந்துச்சு. ஒன்னு, ஒன்னு, ஒன்னுன்னு வலது பக்கத்துல இருந்து ஒவ்வொன்னா வந்துச்சு, பதினேழும் வந்துச்சு. நான் எழுந்து நின்னுட்டேன். அவளைத் தூக்கிச் சுத்தலாமான்னு இருந்துச்சு, இடுப்பு வலி இருக்குறதால விட்டேன். அந்த ஆனந்தத்துல எப்பக் கண்டுபிடிச்சன்னு கேக்கத் தோணல.

கூட்டத்துக்கு அவளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். பொம்பளைகளுக்குன்னு பின்னால நாலு நாற்காலி உண்டு. நான் போர்டுல ரெண்டு எண்ணையும் எழுதிப் பெருக்கிக் காட்டினேன். கைதட்டல்னா கைதட்டல். மாசிலாமணி மட்டும் தட்டல. ஸ்டெப் எங்கன்னாரு. டைரியைக் குடுத்தேன். புரட்டினாரு. ஒரு பக்கத்துல நிறுத்தினாரு. கண்ணாடியைத் தூக்கிப் பாத்தாரு.

"இது உம்ம கையெழுத்து இல்லையே சார்."

ஐம்பது பேரு பாக்காங்க. நான் சொல்லச் சொல்ல அவ எழுதினான்னு சொல்லிட்டேன். பொய்தான் அண்ணாச்சி. உங்ககிட்ட சொல்லுதேன், நீங்க பாபநாசம் போயிருவிய. அவ்வளவு சொன்னதும் பொன்னாடை போர்த்திட்டாங்க. நான் பின்னால திரும்பிப் பாக்கல.

ஆனா மாசிலாமணி விடுத ஆளா? டைரியைத் திருப்பித் தரும்போது எங்காதுகிட்ட வந்து, விடை ஆகஸ்ட் இருபத்து மூணாம் தேதிப் பக்கத்துல இருக்கு, அதுக்கப்புறம் டிசம்பர் முப்பத்தொன்னு வரைக்கும் எதுக்கு வகுத்தீருன்னு கேட்டாரு. எனக்கு விளங்கல. வீட்டுக்கு வந்து பாத்தேன். ஆகஸ்ட் இருபத்து மூணு, மூணாவது வரிசையில அந்த எண்ணு, பக்கத்துல சைபர். அடியில கோடுகூடப் போடல. அதுக்குக் கீழயே அடுத்த எண்ணு, அதுக்கு மிச்சம். அடுத்த நாள் நூத்தெட்டு எண்ணு. அதுக்கு அடுத்த நாள் நூத்திப்பன்னிரண்டு. மிச்சமெல்லாம் சரியான்னு பத்துப் பன்னிரண்டு போட்டுப் பாத்தேன். அத்தனையும் சரி. ஒன்னுகூடப் பொய்க்கணக்கு இல்ல. விடை கையில கிடைச்ச பிறகும் நாலு மாசம் மெனக்கெட்டு வகுத்திருக்கா, அடுத்த மாசமும் வாயைத் திறக்கல.

கேட்டேன். ஏளா, ஆவணியில கிடைச்சதை ஏன் தையில சொல்லுதன்னு. நானும் இன்னொரு முனையில உயிரைக் குடுத்துக்கிட்டிருந்தேன்லா, நியாயமா இல்லையா?

அவ பொன்னாடையை மடிச்சுக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்காமச் சொன்னா. "அன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாளே துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு லைப்ரரிக்குப் போயிருப்பிய. கல்யாணமான நாளையில இருந்து நீங்க எம் பக்கத்துல உக்காந்து பேசினது இந்த ஒரு வருஷந்தான்."

நான் என்ன சொல்லியிருக்கணும்னு இந்தப் பத்து நாளா யோசிச்சுப் பாக்கேன். அன்னைக்கு வாயில வந்தது, அப்ப அஞ்சு மாசம் என் உழைப்பு வீணாங்கிறதுதான். சொன்னேன். அவ பொன்னாடையைப் பீரோவுல வச்சா, பையை எடுத்தா, கல்லிடைக்குறிச்சியில இருக்க தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டா. சண்டை இல்ல, அழுகை இல்ல. ரசம் அடுப்புல இருக்குன்னு சொல்லிட்டுப் போனா.

வீரவநல்லூரா இது? நெருங்கிட்டு.

என் உழைப்பைப் பத்திப் பையன்கிட்ட சொன்னேன். அவன் கணக்குப் போட்டுச் சொன்னான், நீங்க மேல இருந்து அதே வேகத்துல இறங்கி வந்தா அந்த எண்ணைத் தொட அறுநூறு வருஷம் ஆகியிருக்கும்பான்னு. சரி, அது கிடக்கட்டும். லைப்ரரிக்குப் போனேன். பேப்பரை விரிச்சா ஒரு வரியும் ஏறல. வீட்டுக்கு வந்து மேசையில உக்காந்தேன். பக்கத்து நாற்காலியைப் பாத்தேன். ஃபேன் எனக்கு மட்டும் ஓடுது. வீடு நல்லாயில்ல அண்ணாச்சி. அவ்வளவுதான், நல்லாயில்ல.

அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. பதினேழு முடிஞ்சா என்ன, பதினெட்டு ஒன்னு? அது மூணால வகுபடும், பிரயோஜனமில்ல. பத்தொன்பது ஒன்னு. அதை வச்சுக் கூப்பிடலாம்லா? ஆனா அது சீக்கிரம் உடைஞ்சு போச்சுன்னா மறுபடி இதே கதை. அதனால விதியை மீறிட்டேன். நேத்துக் காலையில கைலாசத்துக்குப் போன் போட்டு, ஏலே, பத்தொன்பது ஒன்னைத் தட்டிப் பாருன்னேன். அது சுத்தமான பகா எண்ணுப்பா, யாராலயும் உடைக்க முடியாது, எப்பவோ நிரூபிச்சிட்டாங்கன்னான். எனக்கு அப்படியே மனசு குளுந்து போச்சு. காலம் பூரா வகுக்கலாம், மிச்சம் வந்துக்கிட்டே இருக்கும். அவகிட்ட சொன்னாத்தானே. அஞ்சு மாசம் அவ மறைச்சாள்லா, இனி என் முறை.

கைலாசம் ஏன் சிரிக்கான்னு விளங்கல. என்னலேன்னு கேட்டேன். அம்மாவும் முந்தாநாள் போன் போட்டு இதே பத்தொன்பதைத்தான் கேட்டாப்பான்னான். அவளும் சும்மா கேட்டிருப்பா. பதினேழு முடிஞ்சா அடுத்தது பத்தொன்பதுன்னு அவளுக்கும் தோணும்தானே. விவரத்தை முழுசாவா கேட்டிருக்கப் போறா? அவளுக்குத் தெரியாது அண்ணாச்சி. நிச்சயமாத் தெரியாது.

உடனே கல்லிடைக்குறிச்சிக்குப் போன் போட்டேன். தங்கச்சி எடுத்து அவகிட்ட குடுத்தா. நான் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேக்கல, அதெல்லாம் எனக்கு வராது. மன்றத்துல காட்டின கணக்கை வகுத்தது அவதான்னு மாசிலாமணிக்கு அதுக்கு முந்தியே கடிதம் போட்டுட்டேன், அதையும் சொல்லல. பத்தொன்பது ஒன்னு இருக்கு, போட்டுப் பாப்பமான்னு மட்டும் கேட்டேன். இந்தத் தடவை நானும் கீழ இருந்தே வாரேன்னு சொன்னேன்.

போன் வேலை செய்யுதான்னு தட்டிப் பாத்தேன்.

"ரொம்ப நாளாகுமோ?"ன்னு கேட்டா.

ஆகும் ஏளா, எவ்வளவு நாளுன்னு சொல்ல முடியாதுன்னேன்.

"ஆகட்டும்"ன்னா.